பிஎச்.டி. போகலாமா என்று கேட்கும் இயற்பியல் பிள்ளைகளுக்கு

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் தொடங்கினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "மேடம், பி.எட். சேரட்டுமா, பிஎச்.டி. போகட்டுமா?" மதுரையில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பி.எட். முடித்து, அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் தேர்வான பி.ஜி. டி.ஆர்.பி. எழுதினால் மேல்நிலைப் பள்ளி வேலை, பிஎச்.டி. முடித்தால் கல்லூரி வேலை, அவ்வளவுதான் கணக்கு. வகுப்பு முடிந்து மாடிப்படியில் நின்றுகொண்டு பத்து நிமிஷத்தில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்து படிக்கிற, கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒரு ரிசர்ச் ஸ்காலர் காலையில் லேபுக்குள் நுழைந்து சாயங்காலம் வரை என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறாயா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொள்வதைப் பற்றி யோசித்திருப்பார்கள், கருந்துளை பற்றி யூடியூபில் பார்த்திருப்பார்கள், ஆனால் நடுவில் இருக்கிற அந்த ஐந்து வருஷத்தின் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாது. பட்டம் ஒரு நாள் கொடுப்பார்கள், வேலை தினமும் செய்யவேண்டும். அந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்து முடிவெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தென் தமிழகத்துக் கல்லூரிகளில் அதிகம் நடக்கிற கிரிஸ்டல் குரோத்தையே, அதாவது படிகம் வளர்க்கிற ஆராய்ச்சியையே, எடுத்துக்கொள்வோம். உப்பை எடைபோட்டு, இரண்டு முறை வாலை வடித்த நீரில் கரைத்து, மேக்னடிக் ஸ்டிரரில் மணிக்கணக்காகச் சுற்றவிட்டு, வாட்மன் தாளில் வடிகட்டி, பீக்கரின் வாயை பாலிதீன் தாளால் மூடி, ஊசியால் அதில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, யாரும் இடித்துவிடாத மூலையில் வைக்கவேண்டும். நீர் மெதுவாக ஆவியாகும். நாள்கள் போகும். அடியில் கற்கண்டுத் துகள் மாதிரி நாலைந்து படிகங்கள் தெரியும்போது, அதில் விரிசல் இல்லாத, கண்ணாடி போலத் தெளிந்த ஒன்றை ஃபோர்செப்ஸால் எடுத்து, அதையே விதையாக நைலான் நூலில் கட்டி மறுபடி புதுக் கரைசலில் தொங்கவிடவேண்டும். சித்திரை மாசத்து மதுரை வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வெப்பநிலையை ஆட்டிவிட்டால் ஒரே ராத்திரியில் பீக்கர் முழுக்கப் பொடிப்பொடியாக விழுந்து கிடக்கும். மறுபடி உப்பை எடைபோடவேண்டியதுதான். நல்ல படிகம் கிடைத்தபின் அதன் அமைப்பையும் குணத்தையும் அளக்க எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர், யுவி, டிஜி-டிடிஏ என்று ஒவ்வொரு சோதனைக்கும் எந்த ஊரில் கருவி இருக்கிறதோ அந்த ஊருக்கு சாம்பிளை அனுப்பி, ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, டேட்டா வரும்வரை காத்திருக்கவேண்டும். இதைப் படிக்கும்போதே சலிப்பாக இருக்கிறது என்றால் அது தப்பே இல்லை, இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. அந்த விதைப் படிகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று கை பரபரக்கிறது என்றால் அதுவும் உங்களைப் பற்றி ஒரு செய்திதான்.

தியரி என்றால் இதெல்லாம் இல்லை, நோட்டும் பேனாவும் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே இதே பொறுமை வேறு வடிவத்தில் வரும். மூன்று வாரம் போட்ட கணக்கில் ஒரு மைனஸ் குறி எங்கோ மாறிவிட்டது, எங்கே என்று தெரியவில்லை. பைத்தானிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதிய புரோகிராம் ஓடுகிறது, ஆனால் விடை இயற்பியலுக்கு ஒத்துவரவில்லை. நாள் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருக்கவேண்டும், பேசுவதற்குக்கூட அந்தக் கணக்கு புரிந்த ஆள் அக்கம்பக்கத்தில் இருக்கமாட்டார்.

பெரிய கண்டுபிடிப்பும் இப்படித்தான் நடந்தது. வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி முடித்து, நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். கல்கத்தா போய் சி.வி.ராமனுடன் வேலை செய்தார். 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய சின்னக் குறிப்புதான், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிற ராமன் விளைவை உலகத்துக்குச் சொன்னது. அந்தக் குறிப்பிலேயே ஒரு வரி வருகிறது, சுமார் அறுபது திரவங்களைச் சோதித்துப் பார்த்தோம் என்று. அறுபது! ஒவ்வொன்றையும் தூசி துளிகூட இல்லாமல் திரும்பத் திரும்ப வடித்து, சூரிய ஒளியைக் குவித்து உள்ளே விட்டு, சிதறி வருகிற அந்த மங்கலான ஒளியை ஃபில்டர் வைத்துக் கண்ணால் பார்க்கவேண்டும். ராமனுக்கு 1930ல் நோபல் கிடைத்ததை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. திரவம் வடித்த அந்த நாள்களை நான் வகுப்பில் தனியாகச் சொல்வேன், ஏனென்றால் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் அந்த நாள்கள்தான்.

சரி, இந்த வேலையை எங்கே போய்ப் பார்ப்பது? நம் ஊரிலேயே பார்க்கலாம். நாகமலை தாண்டினால் பல்கலை நகர், காமராசர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் புலம் இருக்கிறது, ஸ்காலர்கள் இருக்கிறார்கள். தெரிந்த சீனியர் ஒருவரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்க லேபில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். நான் கேட்கச் சொல்லி அனுப்பிய பிள்ளைகளை இதுவரை யாரும் விரட்டியது இல்லை. கொடைக்கானல் மலைமேல் இருக்கிற சூரிய ஆய்வுக்கூடத்துக்குச் சுற்றுலா போன கூட்டத்தோடு போய் வந்திருப்பீர்கள். அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1909ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அடுத்த முறை போனால் தொலைநோக்கியை மட்டும் பார்க்காமல், அந்தப் படங்களை வைத்து இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து வருஷா வருஷம் கோடையில் மாணவர்களை நாட்டின் பெரிய ஆய்வு நிறுவனங்களுக்கு இரண்டு மாதம் அனுப்புகின்றன, உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்சி. முதல் வருஷத்திலேயே அதற்கு விண்ணப்பம் போடவேண்டும். இரண்டாம் வருஷம் முடியும்போது வந்து கேட்டால் நானும் ஒன்றும் செய்யமுடியாது.

பணத்தைப் பற்றி நான் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுவேன், பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஃபெல்லோஷிப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி. சேராதீர்கள். அப்பா கொத்தனார் வேலை பார்க்கிற வீட்டில், தம்பி இன்னும் பாலிடெக்னிக் படிக்கிற வீட்டில், ஐந்து வருஷம் வருமானம் இல்லாமல், செமஸ்டர் கட்டணமும் சாம்பிள் செலவும் கைக்காசிலிருந்து கொடுத்துக்கொண்டு ஒருவர் ஆராய்ச்சி பண்ணவேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலருக்கு இயற்பியல் நன்றாகவே வரும், பணம்தான் வரவில்லை.

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் நன்றாக எழுதி ஜேஆர்எஃப் என்கிற உதவித்தொகையை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் அதற்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பில் போய், கையெழுத்தாகி, சில சமயம் பல மாதம் சேர்ந்து மொத்தமாக வரும். முதல் தொகை வந்ததும் வீட்டுக்குக் கொடுத்ததுபோக ஒரு பகுதியை அந்த வறட்சி மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

நெட் தேர்வுக்கு வருவோம். சிஎஸ்ஐஆர் நெட் இயற்பியலில் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண், 75 கேள்வி கொடுத்து 55க்கு விடை எழுதச் சொல்வார்கள். ஏ பகுதி எல்லோருக்கும் பொதுவான கணக்கும் தர்க்கமும், பி பகுதி அடிப்படை, சி பகுதிதான் ஆளைச் சோதிப்பது, மொத்தத்தில் பாதி மதிப்பெண் அங்கேதான். தப்பான விடைக்குக் கால் பங்கு போய்விடும். நம் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு டெரிவேஷனை முழுசாக ஒப்பிக்கப் பழக்கியிருக்கிறோம், நெட் அந்த டெரிவேஷனின் கடைசி வரியிலிருந்து கேள்வியைத் தொடங்குகிறது. ஹார்மோனிக் ஆஸிலேட்டருக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நாலு பக்கம் எழுதத் தெரிந்தவரிடம், அதே ஆஸிலேட்டரின் நடுவில் தாண்டவே முடியாத ஒரு சுவரை வைத்துவிட்டால் கீழ்மட்ட ஆற்றல் என்ன என்று கேட்டால் விழிக்கிறார். ஒற்றை எண் நிலைகள் மட்டும்தான் சுவரில் பூஜ்யமாகும், அதனால் வழக்கமான அரைக்குப் பதில் ஒன்றரை ஹெச்-பார் ஒமேகா என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். இந்தப் பழக்கத்துக்கு ஒரே வழி, கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், குவாண்டம், ஸ்டாட் மெக், மேத் பிசிக்ஸ் ஐந்திலும் பழைய கேள்வித்தாள்களைத் தினமும் போட்டுப் பார்ப்பதுதான். வீட்டில் இடமில்லை, சத்தம் என்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023ல் திறந்ததிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறார்கள்.

நெட் மட்டும்தான் கதவு என்றும் இல்லை. ஜெஸ்ட் என்று ஒரு தேர்வு இருப்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரிவதில்லை, தியரி பக்கம் ஆர்வம் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதவேண்டியது அது. சென்னை தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனம், வானியற்பியல் நிறுவனம், புனேயில் ஐயூக்கா என்கிற வானியல் மையம் எல்லாம் அதன் மதிப்பெண்ணைப் பார்த்து நேர்முகத்துக்கு அழைக்கின்றன. மும்பையில் இருக்கிற டாடா ஆய்வு நிறுவனமான டிஐஎஃப்ஆர் தனியாகத் தேர்வு வைக்கிறது. ஐஐடிகளுக்கு கேட் (GATE) தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. முடித்த கையோடு சேர்கிற இன்டகிரேட்டட் பிஎச்.டி.யும் உண்டு, எம்.எஸ்சி.யே அதற்குள் வந்துவிடும். இதை பி.எஸ்சி. படிக்கிற தங்கை தம்பிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். என்னைக் கேட்டால் நிறுவனத்தின் பெயரைவிட இதுதான் பெரிது. பெரிய பெயருள்ள இடத்தில் மாணவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற கைடும் இருக்கிறார், சின்னக் கல்லூரியில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற கைடும் இருக்கிறார். ஒருவர் எப்படி என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருந்தபடியே ஒரு வழி உண்டு. ஷோத்கங்கா என்கிற தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். நீங்கள் நினைத்திருக்கும் கைடின் பெயரைத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைத் திறந்து பொருளடக்கத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் சேர்த்த உப்பின் பெயர் வேறு, அடுத்ததில் வேறு, மற்றபடி அதே அத்தியாயங்கள், அதே அளவீடுகள், அதே வரிசை என்றால் அங்கே உங்களுக்கும் அதேதான் காத்திருக்கிறது. நான் கிரிஸ்டல் குரோத்தைக் குறைசொல்லவில்லை, நானும் அந்தப் பீக்கர்களோடு வாழ்ந்தவள்தான். இந்தப் படிகத்தை ஏன் வளர்க்கிறோம், இது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் சொல்லவேண்டும். சொல்லவில்லை என்றால் அது வெறும் பட்டியல். சேர்ந்த வருஷம், முடித்த வருஷம், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பாதியில் போனவர்கள் யாராவது உண்டா, ஏன் போனார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கைடின் பேப்பர்கள் ஆர்க்கைவ் தளத்தில் இருந்தால் காசில்லாமல் படிக்கலாம், முதல் இரண்டு பக்கமாவது படித்துவிட்டுப் பேசப் போங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் பேப்பர் போட்டுக் கொடுக்கிற இதழ்களை யாராவது உங்களுக்குச் சிபாரிசு செய்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஆய்வேடு சமர்ப்பிக்க இதழில் பேப்பர் வந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கலாம், அது வேறு.

பெரிய திட்டங்களில் சேர ஆசைப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலைக்கு அடியில் 50,000 டன் காந்த இரும்பு வைத்து நியூட்ரினோ என்கிற நுண்துகளை ஆராய்வதாகத் திட்டம். அதற்கு முன்னோட்டமாக மதுரையிலேயே 85 டன் எடையில் மாதிரிக் கருவி ஒன்றை அமைத்தார்கள். இரும்புத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி டிடெக்டர்களை அடுக்கி, வானத்திலிருந்து விழுகிற மியூவான் என்கிற துகள்கள் காந்தப்புலத்தில் வளைந்து போகிற தடத்தைப் பதிவு செய்வது அது. மலை, தண்ணீர், காடு பற்றிய கவலையில் ஊர்மக்கள் எதிர்த்தார்கள், மாநில அரசும் எதிர்த்தது, பொட்டிப்புரம் திட்டம் முடங்கியது. அந்த எதிர்ப்பின் நியாயத்தை நான் மதிக்கிறேன், அதைப் பேசத் தனியாகவே எழுதவேண்டும். இங்கே நான் சொல்ல வருவது மாணவர் பக்கம். அந்தத் திட்டத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் டிடெக்டர் கட்டுவது, சிமுலேஷன் செய்வது என்று மலையைக் குடையாமலே முடிக்கக்கூடிய பகுதிகளில் ஆய்வேடு எழுதினார்கள். ஆகவே எந்தப் பெரிய கருவியை நம்பிச் சேர்ந்தாலும், அது வரத் தாமதமானால் என் ஆய்வேடு எதில் நிற்கும் என்று சேரும்போதே கைடிடம் கேட்டுவிடுங்கள். நல்ல கைடு இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

வெளிநாடு போக நினைத்தால் சுருக்கமாக இரண்டு விஷயம். அமெரிக்காவில் ஐந்து ஆறு வருஷம் ஆகும், முதலில் வகுப்புகளும் தகுதித் தேர்வும் இருக்கும், பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுத்துக்கொடுத்து அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பார்கள். ஜெர்மனியில் பிஎச்.டி. என்பது வேலை மாதிரி, விளம்பரம் வரும், விண்ணப்பிக்கவேண்டும், சம்பளம் உண்டு, எம்.எஸ்சி. முடித்திருக்கவேண்டும். இரண்டு இடத்துக்கும் உங்களை நேரில் வேலை வாங்கிப் பார்த்த ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்று எழுதின கடிதத்தை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள். அதற்காகவும்தான் எம்.எஸ்சி. புராஜெக்டை ரெக்கார்டு நோட்டு மாதிரி முடிக்காமல் உயிரைக் கொடுத்துச் செய்யச் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகளின் வீட்டில் வருகிற பேச்சு தனி. "ஏற்கெனவே வயசு இருபத்திரண்டு, இன்னும் அஞ்சு வருஷமா?" என்று அம்மாக்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கவலையைத் தட்டிவிடமுடியாது. அதனால் தெரிந்த தகவலைச் சொல்கிறேன். பிஎச்.டி.க்கு ஆறு வருஷம் வரை அனுமதி, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் தளர்வு உண்டு, மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. ஜேஆர்எஃப் வயது வரம்பிலும் பெண்களுக்குத் தளர்வு இருக்கிறது. கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று விதியில் எங்கும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது "மாசம் முப்பத்தேழாயிரம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறாள்" என்று சொல்லுங்கள் என்பேன், "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னால் நிறுத்தச் சொல்ல அவர்களுக்குத் தோன்றும்.

கல்லூரி ஆசிரியர் ஆவதற்காக மட்டும் பிஎச்.டி. என்கிறவர்களுக்கு: 2023 ஜூலையில் யுஜிசி சொன்னபடி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவில் நடக்கிற செட் தேர்வு போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. நடைமுறையில் பிஎச்.டி. முடித்தவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள் என்பதும் உண்மை. கற்பிப்பதுதான் உயிர், ஆராய்ச்சியில் மனம் போகவில்லை என்றால் பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போங்கள், முழு மனதோடு சொல்கிறேன். திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ ஒரு பிளஸ் டூ வகுப்பில் இயற்பியலைப் புரியவைக்கிற ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று எங்களிடம் முதல் வருஷம் வந்து சேர்கிற பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்குப் பகுதிநேரமும் இருக்கிறது, கூடுதல் காலம் பிடித்தாலும் சோற்றுக்குக் கவலை இல்லாமல் செய்யலாம்.

ஆராய்ச்சிதான் என்று முடிவாகிவிட்டால் கைடுக்கு எழுதுகிற முதல் மெயிலை என்னிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு இன்ஸ்டிட்யூஷன்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஒருவரும் திறக்கமாட்டார். அவருடைய எந்தப் பேப்பரைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் புரியவில்லை, உங்கள் புராஜெக்டில் என்ன செய்தீர்கள், நெட்டோ ஜெஸ்டோ என்ன நிலை, இவ்வளவும் பத்து வரிக்குள். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள், சாதிச் சான்றிதழும் ஆதாரும் இப்போது வேண்டாம். இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை, டிபார்ட்மென்டில்தான் இருப்பேன்.